சிவப்பழகு க்ரீம்: சரும மருத்துவர் பதில்கள்

கேள்வி: புது க்ரீம் போட்ட இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் எரிகிறது, சிவக்கிறது, பரு வருகிறது. ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: இவ்வளவு வேகமாக வெளுத்தாலே எனக்கு முதலில் ஸ்டீராய்டு மேல்தான் சந்தேகம் வரும். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் சொறி, கரப்பானுக்குக் குறைந்த நாட்களுக்கு எழுதும் மருந்துகள். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், நரம்பு போல ரத்தக்குழாய்கள் தெரியும், பெண்களுக்கும் முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிகிறது, திரும்பப் போட்டால் அடங்குகிறது. அந்த நிம்மதியில்தான் பலர் வருடக்கணக்காக மாட்டிக்கொள்கிறார்கள். நீங்களாக நிறுத்துவதும் தொடர்வதும் வேண்டாம். டியூபோடு சரும மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது.

கேள்வி: சிவப்பழகு க்ரீமில் பாதரசம் இருப்பதை அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: சில சமயம். காலோமல், மெர்க்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்க்குரி எல்லாம் பாதரசம்தான். 'தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது' என்ற எச்சரிக்கையும் ஒரு துப்பு. ஆனால் பெரும்பாலும் எதுவுமே எழுதியிருக்காது. தயாரித்தவர் பெயரோ சேர்மானப் பட்டியலோ இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கைப்படி, பாதரசம் சேர்த்த முகப்பூச்சுகளை 2025க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது. இருந்தும் திருட்டுத்தனமாக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கேள்வி: அப்படி ஒரு க்ரீமை என் அக்கா போடுகிறாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. குழந்தைக்கு ஏதும் ஆகுமா?

பதில்: ஆகலாம். பாதரசம் ஆவியாகி வீட்டுக் காற்றில் கலக்கும். துண்டு, தலையணை உறை, அக்காவின் கை வழியாகவும் குழந்தைக்குப் போகும். காரணமில்லாத அழுகை, அதிக வியர்வை, கைகால் சிவந்து வலிப்பது, ரத்த அழுத்தம் ஏறுவது எல்லாம் அறிகுறிகளாக வரலாம். அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். அக்கா இன்றே நிறுத்தட்டும். இருவருக்கும் சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டப்பாவைக் காற்றுப்புகாத பையில் கட்டி டாக்டரிடம் காட்டுங்கள், குப்பையில் வீச வேண்டாம். துணிகளைத் தனியாகத் துவையுங்கள்.

கேள்வி: கால் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது. க்ரீமுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுத்தால் புரதம் சிறுநீரில் ஒழுகும். நுரையும் வீக்கமும் அதனால்தான். உடனே டாக்டரைப் பாருங்கள், க்ரீம் பூசியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர்களுக்கும் இதைக் கேட்கத் தோன்றாமல் போவது உண்டு. சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குச் சரியாகிவிடுகிறது.

கேள்வி: நிறம் வெளுக்கக் குளுட்டாதயோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பலன் உறுதியில்லை, ஒவ்வாமை ஆபத்து மட்டும் நிஜம்.

கேள்வி: மங்குக்கு டாக்டரே ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கும் மருந்தை எழுதிக்கொடுத்தார். பயமாக இருக்கிறது.

பதில்: அவர் சொன்ன காலத்துக்கு, மங்கு உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்காக வாங்கிப் பூசினால்தான் வம்பு: தோல் நீலக் கருமையாகிவிடும், அதை மாற்றுவது மிகக் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் சரும அழகுப்பூச்சுகளில் அதைத் தடைசெய்தது. பகலில் சன்ஸ்க்ரீன் கட்டாயம். அதை விட்டால் எந்த மருந்து போட்டும் மங்கு திரும்ப வரும். கர்ப்பம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து தருவார்.

கேள்வி: பிறந்த நிறத்தையே வெளுக்கவைக்கப் பாதுகாப்பான க்ரீம் எது?

பதில்: அப்படி ஒன்று இல்லை. வெயிலில் கறுத்தது மட்டும் என்றால், வெயில் படாமல் காத்தாலே தானாக மங்கும்.