முதலில் ஓடட்டும், பெயின்ட் அப்புறம்

அன்புள்ள ஐயா,

பழைய இயந்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவன். எங்கள் ஊர் லால்குடிப் பக்கம். தாத்தா எழுபதுகளில் வாங்கிய மாஸே பெர்குசன் 1035 டிராக்டர் வீட்டுக் களத்தில் வேப்பமரத்தடியில் பத்து வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது. அப்பா இருந்தவரை அதை விற்கவும் விடவில்லை, தொடவும் விடவில்லை. இப்போது காயலான் கடைக்காரர் அடிக்கடி வந்து விலை கேட்கிறார். எனக்குப் பெங்களூரில் வேலை, மாதம் இரண்டு முறை ஊருக்கு வருவேன். வண்டியைச் சரிசெய்து வைத்துக்கொள்ள ஆசை. டவுனில் ஒரு பட்டறையில் விசாரித்தேன். இன்ஜினையே மாற்றி, பவர் ஸ்டியரிங் போட்டு, முழுக்கப் பெயின்ட் அடித்து ‘ஷோரூம் கண்டிஷனில்’ தருகிறோம் என்றார்கள். சித்தப்பாவோ, “அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டியே வாங்கலாம், இது வீண் வேலை” என்கிறார். வீண் வேலைதானா? செய்வதென்றால் எங்கே தொடங்குவது? சரியான பிறகு வயலில் ஓட்டலாமா?

ஆர்., லால்குடி

அன்புள்ள ஆர்.,

உங்கள் சித்தப்பாவின் கணக்கில் தப்பில்லை. காசை மட்டும் பார்த்தால் பழைய டிராக்டரைச் சரிசெய்வது நட்டம்தான். பின்னால் நல்ல விலைக்கு விற்கலாம் என்ற எண்ணம் மனதில் எங்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஆனால் பட்டறைக்காரர்கள் சொன்ன வழியில் இரண்டு பக்கமும் நட்டம். காசும் போகும், தாத்தாவின் வண்டியும் போகும். இன்ஜின் வேறு, ஸ்டியரிங் வேறு, பெயின்ட் புதுசு என்றால் அது தாத்தா வாங்கிய வண்டி என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

என் அபிப்பிராயம் இதுதான். அந்த வண்டி அதன் சொந்த இன்ஜினில், சொந்தக் கம்பெனிப் பெயர்த்தகட்டோடு மறுபடி ஓட வேண்டும். அதற்கு எது தேவையோ அதை மட்டும் செய்யுங்கள். தேவையில்லாத எதையும் கழற்றாதீர்கள், மாற்றாதீர்கள், தேய்க்காதீர்கள்.

அங்கே நிற்பது என்ன என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். வண்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கலப்பையை மாட்டக் கீழே இரண்டு கை, மேலே டாப் லிங்க் என்ற மூன்றாவது கை. இன்று எந்த கம்பெனி டிராக்டரிலும் இந்த மூன்றும் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. வட அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டது இந்த அமைப்புக்காகத்தான். அவருக்கு முந்தைய டிராக்டர்கள் கலப்பையை மாட்டுவண்டி இழுப்பதைப் போலப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நகர முடியாமல், வண்டியே அச்சைச் சுற்றி முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்துவிடும். அப்படிப் பலர் நசுங்கிச் செத்திருக்கிறார்கள். பெர்குசனின் அமைப்பில் கலப்பைக்கு எதிர்ப்பு கூடும்போது டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளி முன்சக்கரத்தை மண்ணோடு அழுத்திப் பிடிக்கிறது. அதே தள்ளலை ஒரு ஸ்பிரிங் உணர்ந்து ஹைட்ராலிக் வால்வை நகர்த்த, கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே வருகிறது. கம்ப்யூட்டரும் சென்சாரும் இல்லாத காலத்தில், ஒரு ஸ்பிரிங்கையும் வால்வையும் வைத்தே மண்ணின் இறுக்கத்தை வண்டிக்குத் தெரியவைத்தார் மனிதர். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

1933-இல் அவர் செய்த முதல் மாதிரி, கருப்பு வண்ண டிராக்டர், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் போட்டார். ஃபோர்டின் பேரன் காலத்தில் அது முறிந்து கோர்ட்டுக்குப் போய், 1952-இல் 92.5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு சமரசமானார். அதற்குள் 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டி.இ.20 என்ற சாம்பல் நிறக் குட்டி டிராக்டர் உற்பத்தியாகத் தொடங்கியிருந்தது. பத்து வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வகை டிராக்டரில்தான், சக்கரத்துக்கு மேல் பட்டைகளை மாட்டிக்கொண்டு. டி.இ.20-க்கு அடுத்து வந்தது 35. மாஸே ஹாரிஸ் கம்பெனியோடு இணைந்து மாஸே பெர்குசன் என்று பெயரானபோது அந்த 35 சிவப்புக்கு மாறியது. 1960-இல் சென்னையில் அனந்தராமகிருஷ்ணன் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி அந்த வம்சத்தை அங்குள்ள செம்பியத்துக்குக் கொண்டுவந்தது. இன்ஜின் அவருடைய குழுமத்தின் சிம்ப்சன் கம்பெனி செய்தது, மூன்று சிலிண்டர். உங்கள் 1035-இன் பூர்வீகம் இதுதான்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல காலமும் இருக்கிறது. இந்த வம்சம் நம் ஊரில் அறுந்து போகவே இல்லை. ஃபில்டர், ஆயில் சீல், கிளட்ச் பிளேட், பிஸ்டன், ரிங் எல்லாம் திருச்சியிலேயே கிடைக்கும். பழைய ஏர்கூல் ஐஷரோ எச்.எம்.டி. ஜெட்டரோ நின்றிருந்தால் ஒரு உதிரி பாகத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் ஸ்பானரையே எடுக்க வேண்டாம். நாலு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு பைப்பும் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அப்புறம் சைலன்சரைப் பாருங்கள். உங்கள் அப்பா அதன் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தாரா? இந்தக் கேள்வியில்தான் பாதிச் செலவு அடங்கியிருக்கிறது. சைலன்சர் நேர் மேலே பார்த்து நிற்பதால், திறந்து கிடந்தால் மழைத் தண்ணீர் இறங்கி, எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கிறதோ அதற்குள் போய் நிற்கும். நின்றுபோன இன்ஜின்கள் பெரும்பாலும் அங்கேதான் துருவேறி இறுகிப் பிடித்திருக்கும்.

அடுத்தது இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் பிளக். அதை முழுக்கத் திறக்காமல் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கியிருக்கும். தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் வரும். கருப்பு ஆயில் மட்டும் வந்தால் நிம்மதி. தண்ணீரோ, பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று ஏதாவதோ வந்தால், காரணம் தெரியும் வரை கிராங்க்கை ஒரு சுற்றுகூடச் சுற்றாதீர்கள். அதே சோதனையைப் பின்னால் கியர்பெட்டியிலும் செய்யுங்கள். பெர்குசன் வழி வண்டிகளில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். கியர் லிவர் அடியில் உள்ள ரப்பர் கிழிந்திருந்தால் அத்தனை வருட மழையும் அது வழியாக இறங்கியிருக்கும். ஹைட்ராலிக் பம்ப் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருப்பது என்பதையும் மறக்காதீர்கள்.

ஊரில் யாராவது “இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி இழு, தன்னால் ஸ்டார்ட் ஆகிடும்” என்பார்கள். கண்டிப்பாகக் கேட்காதீர்கள். பிடித்துக்கொண்ட பிஸ்டனை அந்த வேகத்தில் இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், ரிங் உடையும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசில்களையும் கழற்றுங்கள். அடியில் உள்ள செம்பு வாஷர் பல நேரம் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதையும் எடுத்துவிட்டு, திரும்ப மாட்டும்போது புதிது போடுங்கள். நாசில் துவாரம் வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் சரிபாதி கலந்து கொஞ்சம் ஊற்றி, துணியால் மூடி, பெங்களூருக்குக் கிளம்பிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஊருக்கு வரும் உங்கள் நிலைமை இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம். திரும்பி வந்து டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து இரண்டு பேராக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நகரவில்லையா, மறுபடி ஊற்றிவிட்டு வந்துவிடுங்கள். நான் சரிசெய்த வண்டி இப்படி வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தது. ஒருநாள் ஆட்டும்போது முன்னால் ஃபேன் ஒரு விரற்கடை அளவு திரும்பியது. சத்தம் எதுவும் இல்லை. ஃபேன் இறக்கையில் சாக்பீஸால் போட்டிருந்த கோடு இடம் மாறியிருந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். நீங்களும் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இந்த வண்டிகளின் போல்ட் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் மூலை மழுங்கிவிடும், அப்புறம் வெல்டிங் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அங்குல ரிங் ஸ்பானர் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் நீங்கள் செய்யும் முதல் நல்ல செலவு அதுவாக இருக்கட்டும்.

நாசிலையும் டீசல் பம்பையும் நீங்களே பிரிக்க வேண்டாம். டீசல் பம்ப் கடையில் கொடுத்து டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் நின்ற டீசல் உள்ளே பிசினாக இறுகி, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் குறையாது, ஏறிக்கொண்டே போகும். ஒரு பட்டறையில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். சுற்றி நின்ற எல்லோரும் ஓடினார்கள், ஒரு பெரியவர் மட்டும் இன்ஜினுக்குள் காற்று போகும் வாயில் பலகையை வைத்து அழுத்தி நிறுத்தினார். காற்று போகாவிட்டால் டீசல் இன்ஜின் நின்றுதான் ஆக வேண்டும். ஆகவே முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் நாளில் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் தட்டையான ஒரு பலகையோடு ஒருவரை அங்கே நிறுத்துங்கள். உள்ளங்கையை வைக்கக் கூடாது.

டீசல் டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, டீசல் குழாயில் புகுந்த ஏர் எடுக்கும் வேலையை ஊரிலுள்ள எந்த டிராக்டர் ஓட்டுநரும் சொல்லித் தருவார். ரேடியேட்டரில் போர் தண்ணீர்தான் ஊற்றியிருப்பார்கள். உப்பு படிந்திருக்கும், பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள், இனிமேல் கூலன்ட் ஊற்றுங்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், மூக்கை நன்றாக மூடிக்கொள்ளுங்கள்.

இப்போது பெயின்ட். வண்டி ஓடி, ஆயில் ஒழுகாமல், பிரேக் பிடித்து ஒரு பருவம் முடியட்டும். அதுவரை பெயின்ட் கடைப் பக்கமே போக வேண்டாம். அப்புறமும் தேவையா என்று யோசியுங்கள். கிளட்ச் பெடலில் தாத்தாவின் கால் பட்டுத் தேய்ந்த இடம், மட்கார்டில் யாரோ கையால் எழுதிய பெயர், சீட்டுக்குப் போட்ட ஒட்டு, இவற்றையெல்லாம் மணல் அடித்துவிட்டால் எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது. துரு தின்னும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து நிறுத்துங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, தண்ணீர் தொட்டே தேயுங்கள். கம்பெனித் தகட்டின் மேல் மட்டும் தயவுசெய்து யாரும் பெயின்ட் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயலில் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம் என்ன, ஓட்டியே ஆக வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உழவுப் போட்டிகளில் பழைய டிராக்டர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்து உழுகிறார்கள். நின்றால்தான் சீல் காயும், டீசல் கெடும், எலி கூடு கட்டும். மாதம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ஆஃப் செய்வதில் பலன் இல்லை, உள்ளே ஈரம்தான் சேரும். புழுதி உழவுக்குக் கொத்துக் கலப்பையை மாட்டி ஒரு வயல் ஓட்டினால் ஹைட்ராலிக்கும் வேலை செய்யும். சேற்றுழவு மட்டும் வேண்டாம். உங்கள் பக்கம் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தை மாட்டி நடவுக்கு உழுவது வழக்கம், இந்த வண்டியும் அதில் பாடுபட்டிருக்கும். இந்த வயதில் பின் அச்சின் சீல் அந்தச் சேற்றைத் தாங்காது, பிரேக்குக்குள் இறங்கிவிடும். டிரெய்லர் கட்டி ரோட்டில் போவதும் கூடாது, அந்த பிரேக் பாரத்துக்குப் போதாது. பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லையென்றால் முதலில் அதை வாங்கி மாட்டுங்கள். வேட்டியோ துண்டோ அதில் சிக்கினால் இழுத்துக்கொள்ள நொடி நேரம்கூட ஆகாது.

ஆர்.சி. புத்தகம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடி, யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆயில் பிளக்கை மட்டும் தளர்த்திப் பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று எழுதுங்கள். சைலன்சரில் டப்பா இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாசிலைக் கழற்றுவது பற்றி அப்புறம் பேசுவோம்.