மாதம் 30 படத்துக்கு 24,000 ரூபாய் பிரிண்டர் வாங்கலாமா?

கேள்வி: மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் போனிலேயே கிடக்கின்றன. ஆல்பம் போட ஆசை. ஸ்டுடியோவில் 4x6 படம் ஒன்றுக்கு 15 ரூபாய் வாங்குகிறார்கள். வீட்டிலேயே பிரிண்ட் போட, 24,000 ரூபாயில், பாட்டில் இங்க்கை ஊற்றி நிரப்பும் ஆறு வண்ண இங்க் டேங்க் போட்டோ பிரிண்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 12 மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்டு. என் தம்பி, இங்க் தீர்ந்தால் டப்பாவையே மாற்றிப் போடும் 4,500 ரூபாய் கார்ட்ரிட்ஜ் பிரிண்டரே போதும் என்கிறான். மாதம் 30 படம் போடுவேன். எது லாபம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாதம் 30 படம்தான் என்றால் இரண்டுமே வேண்டாம்.

நல்ல கிளாஸி தாளுக்கு 6 ரூபாய், இங்க்குக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு படம் 8 ரூபாய். ஸ்டுடியோவைவிட 7 ரூபாய் மிச்சம். போட்ட 24,000 ரூபாயை எடுக்க ஏறக்குறைய 3,430 படம் போட வேண்டும். உங்கள் வேகத்தில் அதற்கு ஒன்பதரை வருடம் ஆகும். அதே பணத்துக்கு ஸ்டுடியோவில் 1,600 படம் கிடைக்கும், அதாவது நாலரை வருடத்துக்கான படங்கள். இங்க் காய்ந்துபோகும் கவலையும் இல்லை.

காய்வதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரண்டுமே இங்க்ஜெட் வகை. தாளில் இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டில் இருப்பவை தலைமுடியைவிட மெல்லிய துளைகள். சில வாரம் சும்மா விட்டால் அடைத்துக்கொள்ளலாம். ஹெட் கிளீனிங் கொடுத்தால், தாளுக்குப் போக வேண்டிய இங்க் மெஷினுக்குள் இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகும். ஒரு மழைக்காலம் முழுக்கத் தொடாமல் விட்ட என் பிரிண்டரில் அப்படித்தான் ஆனது. சர்வீஸுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு ஆல்பமே போட்டிருக்கலாம். அன்றிலிருந்து, பிரிண்டர் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, வாரத்தில் எத்தனை படம் போடுவீர்கள் என்பதுதான்.

தம்பி சொல்லும் பிரிண்டரில் மெஷின் மலிவு, செலவெல்லாம் கார்ட்ரிட்ஜில். ஒரு கார்ட்ரிட்ஜுக்கு இத்தனை பக்கம் என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு அலுவலகத் தாள்களை வைத்துச் சோதித்தது. அந்தத் தாள்களில் பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்கும். போட்டோவில் தாள் முழுக்க இங்க்தான். அந்தக் கணக்கில் ஒரு சிறு பகுதிதான் தேறும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யையும் பார்த்துவிடுவோம். கிரெடிட் கார்டில் எடுத்தால் வங்கி வட்டி போடத்தான் செய்யும். விற்பவர் அந்த அளவை விலையில் கழித்துக் கொடுக்கிறார். அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி., பல வங்கிகளில் பிராசஸிங் கட்டணம், இரண்டும் உங்கள் தலையில்தான். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

எப்போது வாங்கலாம்? மாதம் 300 படம் என்றால் ஒரு வருடத்துக்குள் போட்ட முதல் வந்துவிடும். அக்கம்பக்கத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் போட்டுக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. ஒரு 4x6 தாளில் எட்டுப் படம் அடங்கும். அப்படி வாங்கினால் ஆறு வண்ணமே வாங்குங்கள். பல ஆறு வண்ண பிரிண்டர்களில் வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் கூடுதலாக இருப்பதால் குழந்தையின் கன்னம் புள்ளி தெரியாமல் வரும். அப்புறம், பிரிண்டரை அதன் பட்டனிலேயே அணையுங்கள். சுவர் சுவிட்சில் அணைத்தால் ஹெட் மூடாமல் நின்றுவிடலாம்.

ஆனால் ஆல்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். போன் தொலைந்தால் எந்த இன்ஷூரன்ஸாலும் அந்தப் படங்களைத் திருப்பித் தர முடியாது. இந்த மாதமே 200 படம் தேர்ந்தெடுங்கள், 3,000 ரூபாய்தான். மொத்தமாகக் கொடுப்பதால் விலை குறைக்கச் சொல்லியும் கேளுங்கள். ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கிப் போகும். 4x6-க்கு 1200x1800 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும்.