இங்கிலாந்திலிருந்து மகள் சொல்லும் குறைகள்: இலங்கை மலையகத்து ஹட்டன் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பெற்றோர் சந்திப்பு முடிந்து கிளம்பும் நேரத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியாமற் போனதால் இதை எழுதுகிறேன். இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் மூன்று மாதங்கூட ஆகாத மகள் பேசும்போதெல்லாம் குறையே சொல்கிறாள் என்றும், நகையை அடகு வைத்து அனுப்பியது தவறாகிவிட்டதோ, திரும்பி வரச் சொல்லலாமா என்றும் கேட்டீர்கள். வரச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்களை அதிகம் கலங்க வைத்தது, அவள் அங்கே எழுதிக் கொடுத்த முதல் ஒப்படைக்குக் கிடைத்த 62 புள்ளிகள்தாம். உயர்தரப் பரீட்சையில் 75க்கு மேல் எடுத்து ஏ சித்தி (தேர்ச்சி) பெற்ற பிள்ளைக்கு 62 என்றதும் சி சித்திதான் நினைவுக்கு வரும். ஆனால் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டத்துக்குப் பொதுவாக 40 எடுத்தால் சித்தி. 70 எடுத்தால் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு. பாடசாலைப் படிப்பு முழுவதையும் தமிழில் முடித்த ஒரு பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதிய முதல் ஒப்படைக்கே 62 பெற்றிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. மேலும், அங்கே பல பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டில் சித்தியடைந்தால் போதும். அந்தப் புள்ளிகள் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிப்பதில் சேர்வதில்லை. அவளுடைய பல்கலைக்கழகத்தின் விதி என்னவென்று பாடநெறிக் கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

விரிவுரையாளர்கள் எதையும் சொல்லித் தருவதில்லை என்ற குறையும் இதே வகைதான். நம் ஊரில் செமினார் என்றால் பரீட்சை நெருங்கும்போது மண்டபம் நிறையப் பிள்ளைகளை உட்கார வைத்து நடத்தும் மீட்டல் வகுப்பு. அங்கே அதே பெயரில் நடப்பது, சிறு குழுவாக அமர்ந்து, ஏற்கெனவே வாசித்து வந்ததைப் பற்றி மாணவர்களே வாதிடும் வகுப்பு. ஆசிரியர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதை நாம் மரியாதை என்று பழக்கியிருக்கிறோம். அங்கே அந்த மௌனத்தை, வாசிக்காமல் வந்திருக்கிறாள் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்காக யாரும் கண்டிக்கவும் மாட்டார்கள், அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். அதுவே அவளை அதிகம் புண்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். மாணவர்களைத் தனியே சந்திப்பதற்கென்று விரிவுரையாளர்கள் வாரந்தோறும் நேரம் ஒதுக்குவது அங்கே வழக்கம். தவறு செய்தவர்கள்தாம் ஆசிரியரின் அறைக்குப் போவார்கள் என்ற நம் பாடசாலை நினைப்பை விட்டு, இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு அவள் ஒரு முறை போய் வரட்டும்.

அறைக் கதவைத் தட்ட ஓர் ஆள் இல்லை என்று அவள் அழுததாகச் சொன்னீர்கள். ஒரு வீட்டில் அடுப்பு புகையாவிட்டால் பக்கத்து வீட்டார் வந்து விசாரிக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவளுக்கு அது வலிக்கத்தான் செய்யும். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் குளிரைத் தாங்கிவிடுவார்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே தினமும் சிறிது தூரம் நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் மனநலத்துக்கென்று இருக்கும் ஆலோசனைச் சேவைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அங்கு போவதில் வெட்கம் எதுவும் இல்லை என்பதை உங்கள் வாயால் கேட்டால் அவள் துணிந்து போவாள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வழிகாட்டி அனுப்பிய மாணவன் ஒருவன் முதல் சில வாரங்கள் எல்லாவற்றையும் பற்றிக் குறை சொன்னான். பிறகு, "எல்லாம் நல்லா இருக்கு" என்ற ஒரே பதிலோடு நிறுத்திக்கொண்டான். பழகிவிட்டான் என்று அவனுடைய பெற்றோருக்கு நானும் சொன்னேன். அவன் வகுப்புக்குப் போவதையே நிறுத்தியிருந்தான் என்பது, பல்கலைக்கழகத்தின் எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வகுப்புக்கு வராத வெளிநாட்டு மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழகம் குடிவரவுத் துறைக்கு அறிவித்தாக வேண்டும், வீசாவே இரத்தாகலாம். அன்று நான் சொன்ன ஆறுதலை நினைத்து இன்றும் வருந்துகிறேன். உங்கள் மகள் எந்த வகுப்பு, எந்த ஒப்படை என்று பெயர் சொல்லிக் குறைப்படும் வரை, அவள் படிப்போடுதான் இருக்கிறாள்.

வேலை விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்ய மாணவர் வீசா இடம் தராது. கைப்பேசிச் செயலி வழியே உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சுயதொழிலாகக் கொள்ளப்படுவதால், அதை ஒரு மணி நேரங்கூடச் செய்யக்கூடாது. அடகுக் கடனை நினைத்துப் பிள்ளைகள் இரகசியமாக இதில் இறங்குவதுண்டு. ஆகவே அடகு வட்டியைப் பற்றி அவளிடம் பேசாதீர்கள்; பணம் போதாவிட்டால் முதலில் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் கொழுந்தெடுக்கப் போவதற்கு முன் காலை ஆறு மணிக்கு அழைப்பதாகச் சொன்னீர்கள். குளிர்காலமான இப்போது அங்கே அது நள்ளிரவு பன்னிரண்டரை. அந்த நேரத்தில் யாருக்கும் அழுகைதான் வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அழையுங்கள், அங்கே பிற்பகல் ஒன்றரையாக இருக்கும். 62 புள்ளி போட்ட ஒப்படையில் விரிவுரையாளர் எழுதிய குறிப்புகளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவளோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கிறேன்.