டீச்சர் பதில்கள்: பயந்து கும்பிடுறதும் பக்தியும்

போன இதழ்ல ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது ‘பயந்து கும்பிடுறவங்களுக்கு விடுதலை எங்க இருக்கு’ன்னு ஒரு வரி போட்டுட்டு, பக்கம் பத்தலன்னு அப்படியே விட்டுட்டேன். அதுக்கு வந்த கடிதத்தையும் வாட்ஸ்அப்பையும் பார்த்தா அப்படி விட்டிருக்கக் கூடாதுன்னு தெரியுது. அதனால இந்த மாசம் முழுக்க அதுதான். பையன் படிக்க மாட்டேங்கிறான், மாமியார் பேச மாட்டேங்கிறாங்க எல்லாம் அடுத்த மாசம் பார்ப்போம், கோவிச்சுக்காதீங்க.

டீச்சர், நான் சென்னையில ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறேன். வீட்டு லோன், அப்பாவுக்கு டயாலிசிஸ் செலவுன்னு நாலு மாசமா தசமபாகம் (சம்பளத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை) கொடுக்க முடியல. எங்க பாஸ்டர் பைபிள்ல மல்கியா புத்தகத்தை வாசிச்சு, கொடுக்காதவன் கர்த்தரை வஞ்சிக்கிறவன், சாபம் வரும்னு சொன்னாரு. போன வாரம் பைக்ல சறுக்கி விழுந்து கையில தையல். இது அந்த சாபம்தானா? (பெயர் வேண்டாம், வேளச்சேரி)

தம்பி, ரோட்டுல மணல் கிடந்திருக்கும். அதுக்கு மல்கியா தீர்க்கதரிசியை எதுக்கு இழுக்கணும்?

விளையாட்டுக்குச் சொல்லல. அந்த அதிகாரத்தை மட்டும் வாசிச்சா மிரட்டல் மாதிரிதான் இருக்கும். ஆனா தசமபாகம் எதுக்குன்னு உபாகமம் 14ஆம் அதிகாரம் கடைசியில இருக்கு பாருங்க, மூணாவது வருஷத்துப் பங்கை ஊர் வாசல்ல வச்சு கோயில் ஊழியம் பண்ற லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாகணும்னு எழுதியிருக்கு. இல்லாதவன் சாப்பிடுறதுக்காக வந்த ஒரு ஏற்பாட்டை, டயாலிசிஸ் பில் கட்டுறவன் கழுத்துல கத்தியா வைக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்கல. பவுலும் கொரிந்து சபைக்கு எழுதும்போது வருத்தத்தோடயும் வேண்டாம், கட்டாயத்துக்காகவும் வேண்டாம், அவனவன் மனசுல நினைச்சபடி கொடுக்கட்டும்னுதான் எழுதுறாரு.

எங்க ஆச்சி சோறு பொங்க அரிசி அளந்து எடுத்ததும், அதுல இருந்து ஒரு பிடி அள்ளி அடுப்புக்குப் பக்கத்துல இருக்கிற கலயத்துல போடுவா. கைப்பிடி அரிசி. ஞாயித்துக்கிழமை அதைத் துணியில முடிஞ்சு கோயிலுக்குக் கொண்டு போவா (எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம்). ஒரு வருஷம் மழை பொய்ச்சு வீட்ல ரெண்டு வேளையும் கஞ்சிதான், அப்பவும் போட்டா, ஆனா பிடியா இல்ல, மூணு விரல் நுனியில எடுத்து உப்பு போடுற மாதிரி போட்டா. ‘ஏன் ஆச்சி இவ்வளவுதானா’ன்னு கேட்டேன். ‘அவருக்குத் தெரியாதா நம்ம பானையில என்ன இருக்குன்னு’ன்னு சொல்லிட்டு ஊதாங்குழலை எடுத்துட்டா. அவ முகத்துல பயம்னு ஒண்ணை நான் பார்த்ததே இல்ல.

பயத்தைப் பத்திப் பேசினா புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லூதரைச் சொல்லாம இருக்க முடியாது. 1505ல சட்டம் படிச்சுக்கிட்டிருந்த பையன், வழியில இடி மின்னல்ல மாட்டி, உயிர் பிழைச்சா துறவி ஆயிடறேன்னு வேண்டிக்கிட்டு மடத்துல சேர்ந்துட்டாரு. ஆரம்பமே பயம் பாருங்க. உள்ள போன பிறகும் உபவாசம், முழிச்சிருந்து ஜெபம், குருவானவர்கிட்ட பாவத்தை அறிக்கை பண்ண உட்கார்ந்தா மணிக்கணக்கா எழும்ப மாட்டாரு, ஏதாவது ஒரு பாவத்தைச் சொல்ல மறந்துட்டா என்ன ஆகும்னு. அதே மனுஷன்தான் 1520ல கிறிஸ்தவனுடைய விடுதலையைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதி, கிறிஸ்தவன் யாருக்கும் அடிமை இல்ல, எல்லாருக்கும் ஊழியக்காரன்னு ரெண்டையும் ஒண்ணா கட்டி வச்சாரு. கடவுள் கையில கணக்கு நோட்டு இருக்குன்னு நினைக்கிற வரைக்கும் நாம பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு வாளி தண்ணி கொடுத்தாலும் அதுல நமக்கு எவ்வளவு வரவுன்னுதான் பார்ப்போம். அந்தப் பயம் விட்டாத்தான் அவனுக்குத் தாகம்னு கண்ணுல படும்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் செலவு பண்றதும் காணிக்கைதான் தம்பி. கைத் தையலை நனைக்காம பார்த்துக்கோங்க.

அம்மா இறந்து எட்டு மாசம் ஆச்சு. அதுக்குப் பிறகு எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. முழங்கால்ல நிக்கிறேன், வாய் அசையுது, உள்ள ஒண்ணும் இல்ல. ஜெபக்குழுவுல சொன்னா ‘மறைவான பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை பண்ணு’ங்கிறாங்க. ராத்திரி படுத்து யோசிச்சு யோசிச்சு ஒண்ணும் கிடைக்கல. (வாசகி, மார்த்தாண்டம்)

அம்மாவைப் பறிகொடுத்தவகிட்ட பாவத்தைத் தேடச் சொல்றவங்களை என்ன சொல்ல. யோபுவுக்கும் மூணு சிநேகிதங்க வந்தாங்கல்ல, முதல் ஏழு நாள் பேசாம கூட உட்கார்ந்திருந்தாங்க, அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வாயைத் திறந்து ‘நீ ஏதோ பாவம் பண்ணியிருப்ப’ன்னதுதான் தப்பு.

அன்னை தெரசா இறந்து பத்து வருஷம் கழிச்சு, 2007ல, அவங்க தன்னோட ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதின கடிதங்கள் வெளிய வந்துச்சு. படிச்சவங்க ஆடிப் போயிட்டாங்க. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம், கடவுள் பக்கத்துல இருக்கிற உணர்வே இல்லாம, உள்ள இருட்டும் வெறுமையுமா இருந்துருக்காங்க. அந்த ஐம்பது வருஷமும் விடிகாலையில எழும்பி ஜெபத்துக்குப் போனாங்க, அப்புறம் கல்கத்தா ரோட்டுக்குப் போனாங்க. 2016ல புனிதர் பட்டம் கொடுத்தப்போ அந்தக் கடிதங்களை யாரும் ஒளிச்சு வைக்கல.

எதுக்குச் சொல்றேன்னா, நெஞ்சு உருகினாத்தான் ஜெபம், கண்ணீர் வந்தாத்தான் அபிஷேகம்னு நமக்குச் சொல்லிக் கொடுத்து வச்சிருக்காங்க, கன்வென்ஷன் மேடையில கீபோர்டு மெதுவா வாசிச்சா யாருக்குத்தான் கண்ணு கலங்காது? அது உங்களுக்கு வரல, அவ்வளவுதான், அதனால நீங்க தள்ளுபடி ஆன ஆள் கிடையாது.

சங்கீதம் 88ஐ எடுத்துச் சத்தமா வாசிங்க. மத்த புலம்பல் சங்கீதமெல்லாம் பெரும்பாலும் கடைசியில ‘ஆனாலும் உம்மைத் துதிப்பேன்’னு முடியும், இது அப்படி முடியாது. சிநேகிதங்க எல்லாம் தூரமா போயிட்டாங்கன்னு சொல்லி டக்குனு நின்னுரும். இப்படி ஒரு பாட்டையும் வேதத்துக்குள்ள வச்சிருக்காங்கன்னா, உங்க மாதிரி ஆளுங்களுக்காகத்தான். சொந்த வார்த்தை வரலன்னா அடுத்தவன் வார்த்தையைக் கடன் வாங்கிக்கலாம், தப்பில்ல. முழங்கால் வலிச்சா உட்கார்ந்துக்கோங்க. அம்மாவோட சேலை ஏதாவது மடிச்சு வச்சிருப்பீங்க, அதை மடியில போட்டுக்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தாலும் அது ஜெபம்தான்னு நான் நினைக்கிறேன், சபை ஐயர் (பாஸ்டரை அப்படித்தான் சொல்லுவோம்) யாராவது வேற மாதிரி சொன்னா என்னைக் கேட்கச் சொல்லுங்க. தூக்கமும் சாப்பாடும் ரொம்பக் குறைஞ்சிருந்தா டாக்டரைப் போய்ப் பாருங்க, அதுக்கும் விசுவாசத்துக்கும் சண்டை கிடையாது.

நாங்க சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட். பக்கத்து வீட்டு அக்கா கூட கத்தோலிக்கரோட வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்தேன், மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. இது தப்பா? (தஞ்சாவூர்)

நிம்மதியா இருந்துச்சுல்ல, விடுங்க. செப்டம்பர் 8 திருவிழா சமயத்துல மட்டும் போயிடாதீங்க, கடற்கரையில கால் வைக்க இடம் இருக்காது.

என் வீட்டுக்காரர் பதினஞ்சு வருஷமா குடிப்பாரு. ஒரு கூட்டத்துல கையைத் தூக்கி அழுது ஒப்புக்கொடுத்தாரு, அன்னையில இருந்து ஒரு சொட்டு தொடல. சபையில மேடையில ஏத்தி சாட்சி சொல்ல வச்சாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. மூணாவது மாசம் திரும்பக் குடிச்சுட்டாரு. இப்ப வெட்கத்துல கோயில் பக்கமே வரமாட்டேங்கிறாரு. அப்ப அன்னைக்குக் கிடைச்சது பொய்யா டீச்சர்? (சிவகாசி பக்கம்)

பொய் இல்லம்மா. ஆனா மூணு மாசத்துல மேடையில ஏத்தினாங்க பாருங்க, அது அவசரம். நாத்து நட்ட மறுநாளே பிடுங்கி வேர் விட்டிருக்கான்னு பார்க்கிற கதை.

‘அமேசிங் கிரேஸ்’ பாட்டு கேட்டிருப்பீங்க, இங்கிலீஷ் ஆராதனையில பாடுவாங்க. அதை எழுதின ஜான் நியூட்டன் அடிமை வியாபாரக் கப்பல்ல வேலை பார்த்தவரு. 1748ல நடுக்கடல்ல புயல்ல மாட்டி ‘கர்த்தாவே இரங்கும்’னு கத்தினாரு, அதுதான் தன் மனந்திரும்புதல்னு காலம்பூரா சொன்னாரு. நாம என்ன நினைப்போம், கரையில இறங்கினதும் அடிமைகளை எல்லாம் அவிழ்த்து விட்டிருப்பாருன்னு. அதுதான் இல்ல. அதுக்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாவே ஆனாரு, மேல ஜெபம், கீழ சங்கிலியில மனுஷங்க. 1754ல உடம்பு சரியில்லாமதான் கடலை விட்டாரு. அப்புறம் குருவானவர் ஆகி, 1788லதான் அந்த வியாபாரத்தோட கொடுமையை எழுதி வெளியிட்டு, தானும் அதுல இருந்தேன்னு வெட்கத்தோட ஒப்புக்கிட்டாரு. புயலுக்கும் அந்த ஒப்புதலுக்கும் நடுவுல நாப்பது வருஷம். எனக்கு அந்தக் கதையில இன்னமும் கோபம் வரும், அந்த நாப்பது வருஷத்துல எத்தனை பேர் சங்கிலியில செத்தாங்களோன்னு. ஆனாலும் 1748 பொய்னு என்னால சொல்ல முடியல.

இப்ப வேலையைப் பார்ப்போம். பதினஞ்சு வருஷக் குடியைத் திடீர்னு நிறுத்தினா சிலருக்குக் கை நடுக்கம் வரும், வலிப்பு கூட வரும், அதனால டாக்டர் மேற்பார்வையில நிறுத்தணும், பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவுல கேளுங்க. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுறது) கூட்டம் எங்க நடக்குதுன்னும் விசாரிங்க, பல ஊர்ல சர்ச் ஹால்லயே நடக்கும், அங்க யாரும் கை தட்ட மாட்டாங்க, ‘நேத்து குடிச்சுட்டேன்’னு சொன்னா ‘திரும்ப வா’ன்னுதான் சொல்லுவாங்க. உங்க சபை ஐயர் நல்லவரா இருந்தா அவரை ஒரு நாள் டீ குடிக்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க, பைபிள் எடுத்துட்டு வர வேண்டாம்னும் சொல்லிடுங்க. வீட்டுக்காரர் அடிச்சா மட்டும் பொறுத்துக்கிட்டு ஜெபம் பண்ணிட்டே இருக்காதீங்க, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போங்க. அடி வாங்குறது சிலுவை சுமக்கிறது ஆகாது.

நான் வைணவக் குடும்பம். கல்லூரியில சுவிசேஷங்களை வாசிச்சதுல இருந்து இயேசு மேல ஒரு ஈர்ப்பு. ஆனா அவர்கிட்ட போனா ஆழ்வார் பாசுரத்தை விடணுமோன்னு மனசு அடிச்சுக்குது. (ஸ்ரீவைகுண்டம்)

உங்க பக்கத்துக்காரரே ஒருத்தர் இந்த வழியா போயிருக்காரு. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1827ல திருநெல்வேலிக்குப் பக்கத்துல கரையிருப்புல வைணவக் குடும்பத்துல பிறந்தவரு. சாயர்புரத்துல தமிழ் சொல்லிக் கொடுக்கப் போன இடத்துலதான் கிறிஸ்தவம் பக்கத்துல வந்துச்சு, 1858ல சென்னையில ஞானஸ்நானம். ஆனா காதுல இருந்த கம்பனை அவர் கழட்டி வைக்கல. ஜான் பன்யன் இங்கிலீஷ்ல எழுதின மோட்சப் பயணக் கதையை எடுத்து மூவாயிரத்துக்கு மேல பாட்டா ‘இரட்சணிய யாத்திரிகம்’னு 1894ல கொடுத்தாரு, வாசிச்சா இது கம்பன் வீட்டுப் பிள்ளைன்னு தெரியும், அதனாலதான் கிறிஸ்தவக் கம்பர்னு பேரு. அந்தக் கதையில பயணி முதுகுல ஒரு மூட்டை ஒட்டிக்கிட்டே வரும், எவ்வளவு இழுத்தாலும் கழறாது, சிலுவை முன்னாடி வந்து நின்னதும் தானா அவிழ்ந்து உருண்டு போயிரும். அவனுக்கு முதுகுல இருந்து விழுந்தது பாவ மூட்டை. பாசுரம் உங்க முதுகுல மூட்டையாவா இருக்கு? இல்லல்ல. அவசரப்பட வேண்டாம், யாரும் அவசரப்படுத்தினா அந்தப் பக்கம் போகவும் வேண்டாம். யோவான் சுவிசேஷத்தை மெதுவா வாசிங்க, பாசுரத்தையும் வாசிங்க. அம்மா அப்பாகிட்ட மறைக்காதீங்க.

ரெண்டு குடும்பமும் பரம்பரைக் கிறிஸ்தவங்க. ஆனா வேற வேற சாதி. என் மகன் விரும்புற பெண்ணை வீட்ல ஏத்துக்க மாட்டேங்கிறாங்க, என் வீட்டுக்காரர் சபைக் கமிட்டியில இருக்காரு, ‘கிறிஸ்துவுக்குள் விடுதலை’ன்னு பிரசங்கத்துக்கு ஆமென் சொல்றவரு. நான் மட்டும் சரின்னு நிக்கிறேன், பயமா இருக்கு. (பாளையங்கோட்டை)

அக்கா, உங்க கடிதத்தை மூணு தடவை வாசிச்சேன்.

இது நம்ம சபைகளோட பழைய வியாதி. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டை இன்னைக்கும் பாடி உருகுறோம், அவரே சபைக்குள்ள சாதி வழக்கத்தை விடக் கூடாதுன்னு எழுதி வாதாடினவருதான். வடக்கன்குளத்துல கோயிலுக்குள்ளயே சாதி பிரிச்சுத் தடுப்பு இருந்துச்சு, 1910 வாக்குல அதை எடுத்தப்போ சாதிக்காரங்க கோர்ட்டு வரைக்கும் போனாங்க, தோத்தாங்க. ‘யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை’ங்கிற வசனம் அப்பவும் அவங்க பைபிள்ல இருந்துச்சு. கண்ணு அந்த வரியில மட்டும் வழுக்கிட்டுப் போயிருக்கும் போல.

அதே வடக்கன்குளத்துலதான் 1745ல நட்டாலம் நீலகண்டன் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனாரு. திருவிதாங்கூர் அரண்மனையில செல்வாக்கா இருந்தவரு, தாழ்த்தப்பட்டவங்க கூட உட்கார்ந்து சாப்பிட்டாரு, பிடிச்சுக் கட்டி எருமை மேல பின்பக்கம் பார்க்க உட்கார வச்சு ஊர் ஊரா கொண்டு போனாங்க, 1752 ஜனவரி 14 ராத்திரி ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022ல புனிதரா அறிவிச்சப்போ பேருக்குப் பின்னாடி இருந்த சாதிப் பட்டத்தை எடுத்துட்டுத்தான் வாடிகன் அறிவிச்சுது. நாம ஞானஸ்நானம் கொடுக்கும்போது எடுக்க மறந்ததை இருநூத்தி எழுபது வருஷத்துக்கும் மேல கழிச்சு ரோம்ல எடுக்க வேண்டியிருக்கு.

உங்க வீட்டுக்காரரும் கெட்டவரா இருக்க மாட்டாரு, கமிட்டியில நாலு பேர் என்ன சொல்லுவான்னு அவருக்கும் பயம். நீங்க சண்டை போடாதீங்க. அடுத்த அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அந்தப் பொண்ணையும் அவ அம்மாவையும் கூப்பிட்டு, பந்தியில உங்க ரெண்டு பக்கமும் உட்கார வச்சுக்கோங்க. அசனச் சாம்பாரை ஒரே அண்டாவுல இருந்துதான் ஊத்துவாங்க, ஊர் பார்க்கட்டும். உங்க வீட்டுக்காரர் வழக்கமா வாளி எடுத்துட்டுப் பரிமாற வருவாரா? அப்ப அந்த வரிசைக்கும் வந்துதானே ஆகணும்.

கல்யாணப் பத்திரிகை அடிச்சா எனக்கு ஒண்ணு அனுப்புங்க. பஸ்ஸு ஏறி வந்துருவேன்.