மாந்தோப்பு போதும், யானைக் காடு வேண்டாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, பெங்களூருவில் நாலு கீமோ ஆகிவிட்டது. ஜப்பானில் நோயாளிகளைக் காட்டில் நடக்கவைத்தே தேற்றுகிறார்கள் என்கிறான் தம்பி. அம்மாவைத் தேன்கனிக்கோட்டைக் காட்டுக்கோ வத்தல்மலைக்கோ அழைத்துப் போகலாமா? குணமாகுமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தேன்கனிக்கோட்டையா? தம்பியை முதலில் யானைகளிடம் அனுமதி வாங்கிவரச் சொல்லுங்கள். ராகி அறுப்பு நேரத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து கூட்டமாக இறங்குமே! துரத்தினால் ஓடுகிற நிலையிலா இருக்கிறார் அம்மா?

தம்பி சொன்னதில் பாதி சரி. ஜப்பான் வனத்துறை 1982-ல் 'ஷின்ரின்-யோகு' என்று பெயர் வைத்தது. காட்டில் குளிப்பது என்று பொருள். தண்ணீரில் அல்ல, மர வாசத்திலும் நிழலிலும். இரண்டு மூன்று நாள் காட்டுப் பக்கம் தங்கியவர்களின் ரத்தத்தில், புற்றணுக்களைத் தாக்கக்கூடிய ஒருவகை வெள்ளை அணு சுறுசுறுப்பானதாக அங்கே ஆய்வு வந்தது. ஆனால் தங்கியவர்கள் ஆரோக்கியமான சில பேர், நோயாளிகள் அல்ல. கட்டி கரைந்ததாக அதில் இல்லை. இதை நம்பி ஒரு கீமோவைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் எதற்குப் போவது என்கிறீர்களா? எனக்கும் 9 வருடம் முன்பு இதே நோய், இதே ஊசி. நர்ஸாக முப்பது வருடம் ஓடியவள் கட்டிலில் கிடந்தேன். சாப்பிட்டாயா, வாந்தி நின்றதா என்று வீடே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தருமபுரியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு புளியமரம். அது ஒன்றுமே கேட்காது. அணில் கடித்துப்போடும் ஓடு மடியில் விழும். தினமும் ஒரு மணி நேரம் நான் நோயாளி இல்லை.

காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்புக்கா பஞ்சம்? வெயில் ஏறுமுன் போங்கள். பூ எடுக்கும் மாதங்களில் மருந்து அடிக்கிற நாளில் மட்டும் அந்தப் பக்கமே வேண்டாம். கீமோ போட்ட பிறகு பெரும்பாலும் 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை வெள்ளை அணு குறைந்திருக்கும், கிருமி சுலபமாகத் தொற்றும். அப்போது சருகைக் கிளறுவது, மண்ணைத் தொடுவது கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டு விடியட்டும் என்று காத்திராமல் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் கீறலோ பூச்சிக்கடியோ படாமல் முழுக்கை ரவிக்கை போடட்டும். சில கீமோ மருந்துகளில் பாதம் மரத்துப்போகும். எனக்குக் கருவேல முள் ஏறியதே தெரியவில்லை, வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால் செருப்பு போதாது, மூடிய ஷூ வேண்டும்.

நடக்க முடியாத நாளில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரட்டும். தம்பியும் கூட இருக்கட்டும், போனை வீட்டில் வைத்துவிட்டு.

வத்தல்மலைக் காப்பித் தோட்டமெல்லாம் சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்ற பிறகு. அந்த வளைவுகளில் எனக்கே வாந்தி வரும், கீமோ வயிற்றுக்குக் கேட்கவா வேண்டும்!