உருண்டு வந்த கேள்விகள்

போன இதழில் என் வீட்டு அலமாரியில் இருக்கும் பாலிஷ் போட்ட கல் உருண்டைகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றைத்தான் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் கணவர் ஜெய்ப்பூர் போனபோது ரோஸ் குவார்ட்ஸ் உருண்டை ஒன்று வாங்கி வந்தார். அதிலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்து இப்போது ஆறு சேர்ந்துவிட்டது. "கோலிக்குண்டு விளையாடுற வயசா இது" என்கிறார் மாமியார். அவருக்கு என்ன பதில் சொல்ல? அடுத்து பெரிதாக ஒன்று வாங்கலாமா? – வாசகி, தக்கலை

பதில்: மாமியாரிடம் இளவட்டக்கல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் முன்னாலோ மந்தையிலோ கிடக்கும் அந்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் என்று அவரும் கேட்டிருப்பார். வளர்ந்தவர்கள் உருண்டைக் கல்லோடு மல்லுக்கட்டுவது நமக்குப் புதிதில்லை. அவர்கள் தூக்கினார்கள், நாம் துடைக்கிறோம்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இன்று ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அந்த ரோஸ் குவார்ட்ஸை எடுத்து, மேலே ஒரு சாண் உயரத்தில் மொபைல் டார்ச்சைப் பிடியுங்கள். எல்லாக் கல்லிலும் வராது, ஆனால் சிலவற்றில் ஆறு கால் நட்சத்திரம் ஒன்று மங்கலாக மேலே படர்ந்து, டார்ச்சை நகர்த்தினால் கூடவே நகரும். கல்லுக்குள் இருக்கும் முடியை விட மெல்லிய இழைகள் செய்கிற வேலை அது. தட்டையாக வெட்டிய கல்லில் இதைப் பார்க்க முடியாது, வளைந்த மேல்பரப்பு வேண்டும். அகேட் போன்ற வரிக்கல்லும் அப்படித்தான். பலகையாக அறுத்தால் வெறும் கோடு கோடாக இருக்கும். அதையே உருண்டையாக்கினால் பக்கவாட்டில் கோடு, இரண்டு முனையிலும் வட்டத்துக்குள் வட்டம். ஒரே கல்தான், திருப்பத் திருப்ப வேறு வேறு முகம். நட்சத்திரம் தெரிந்தால் மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், ஏழாவது உருண்டையை அவரே வாங்கித் தருவார்.

பெரிதாக வாங்குவது பற்றி: விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். 4 செ.மீ. குவார்ட்ஸ் உருண்டை சுமார் 90 கிராம், 8 செ.மீ. என்றால் 700 கிராமுக்கு மேல். பல கடைகளில் விலை கிராம் கணக்கில்தான், அதனால் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிவது பைக்கு ரொம்பப் பெரிதாக இருக்கும். இன்னொன்று, ஒரு கனசதுரக் கல்லில் அடங்கும் மிகப் பெரிய உருண்டையைக் கடைந்தெடுத்தாலே 52 சதவீதம்தான் மிஞ்சும், மீதி சில்லாகவும் சேறாகவும் போய்விடும். அந்தப் பாதிக் கல்லுக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். 4, 5 செ.மீ. அளவிலேயே பத்துப் பன்னிரண்டு விதம் சேருங்கள், கை பழகின பிறகு பெரியது.

கேள்வி: சுற்றுலா போன இடத்தில் ஸ்படிக உருண்டை என்று ஒன்று வாங்கினேன். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. அதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: சந்தேகம் வந்ததே நல்ல அறிகுறி, தம்பி. எனக்கு அது வராமல் ஒரு காலத்தில் பழுப்பு நிறத்தில் செம்பொடி தூவினதுபோல் மின்னும் உருண்டை ஒன்றை, அபூர்வமான சூரியக்கல் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, ரயில் டிக்கெட்டுக்கு வைத்திருந்த காசையும் சேர்த்துக் கொடுத்து வாங்கினேன். அது கோல்ட்ஸ்டோன் என்கிற கண்ணாடி. உருகிய கண்ணாடிக்குள் செம்புத் துகளை விளைய வைக்கும் வித்தை, வெனிஸ்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே செய்தது. இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கல் வரிசையில் இல்லை.

உங்கள் உருண்டைக்கு வருவோம். வெள்ளைத் தாளில் ஒரு தலைமுடியை ஒட்டி, அதன்மேல் உருண்டையை வைத்து மேலிருந்து பாருங்கள். மெதுவாக எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். நிஜ ஸ்படிகம் என்றால் ஏதாவது ஒரு நிலையில் ஒரு முடி இரண்டாகத் தெரியும், ஏனென்றால் ஸ்படிகம் என்பது தெளிவான குவார்ட்ஸ், அது ஒளியை இரண்டாகப் பிரிக்கும், கண்ணாடி பிரிக்காது. ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் நிஜக் கல்லிலும் ஒற்றையாகத்தான் தெரியும். அதனால் ஒரே தடவை பார்த்துவிட்டு "போச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

சமையலறைத் தராசு இருந்தால் இன்னொரு சோதனை. முதலில் உருண்டையை எடை போடுங்கள். பிறகு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்குங்கள். உருண்டையை நூலால் வலை மாதிரிக் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு எத்தனை கிராம் ஏறுகிறதோ அத்தனை கன செ.மீ. அதன் கொள்ளளவு. எடையை அதால் வகுத்தால் ஸ்படிகத்துக்கு 2.65 வர வேண்டும். சாதாரணக் கண்ணாடிக்கு 2.5 பக்கம், ஈயம் கலந்த கண்ணாடி என்றால் 3ஐயும் தாண்டும். 6 செ.மீ. உருண்டையில் ஸ்படிகம் 300 கிராம், கண்ணாடி 283 கிராம், வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் கவனமாக அளக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்து உள்ளே உருண்டையான காற்றுக் குமிழி ஒன்று தெரிந்துவிட்டால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், கண்ணாடியேதான். ஆனால் கத்தியால் கீறிப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், தோற்றாலும் ஜெயித்தாலும் உருண்டை உங்களுடையது.

கேள்வி: வீட்டில் வைத்தால் நெகட்டிவ் எனர்ஜி போகுமாமே? – வாசகர், குழித்துறை

பதில்: சக்தி ஏற்றிய கல் என்று விற்பவரிடம் ஏற்றாத கல் என்ன விலை என்று கேளுங்கள். அந்த விலைக்கு வாங்குங்கள். பூஜையில் வைக்கிற ஸ்படிகம் வேறு, அது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: ஜன்னல் ஓரத்தில் ஸ்படிக உருண்டையை வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கீழே விரித்திருந்த துணியில் பழுப்பாக ஒரு கோடு. எறும்பு மருந்து பட்டதா என்று தெரியவில்லை. – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அது தீ, அக்கா! இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தெளிவான உருண்டை என்பது ஒரு பூதக்கண்ணாடி. 10 செ.மீ. ஸ்படிகம் வெயிலை அதன் பின்பக்கத்திலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி ஒரே புள்ளியில் குவிக்கும். சூரியன் நகர நகரப் புள்ளியும் நகரும், அதனால்தான் உங்கள் துணியில் கோடு. இதே தத்துவத்தை வைத்தே வெயில் அளக்கும் கருவி ஒன்று செய்தார்கள். 1853ல் கேம்பெல் செய்து 1879ல் ஸ்டோக்ஸ் திருத்தியது. ஒரு கண்ணாடி உருண்டை, பின்னால் ஓர் அட்டை. அட்டையில் எவ்வளவு நீளம் கருகியிருக்கிறதோ அவ்வளவு நேரம் வெயில் அடித்தது என்று வானிலைக்காரர்கள் கணக்கெடுப்பார்கள். உங்கள் மேசைவிரிப்பும் ஒரு வாரம் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறது. வெயில் படாத உள் அலமாரிக்கு மாற்றுங்கள். செவ்வந்திக்கல் என்கிற அமெதிஸ்ட், ரோஸ் குவார்ட்ஸ், ஃப்ளோரைட் எல்லாம் வெயிலில் நிறம் வெளுக்கும், அவற்றுக்கும் உள்ளேதான் இடம்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்து வீடு. வாங்கின இரும்பு ஸ்டாண்டெல்லாம் ஆறு மாதத்தில் துரு. உருண்டை உருண்டு விழாமல் வைக்க வேறு என்ன வழி? – வாசகர், குளச்சல்

பதில்: நம் பாட்டிமார் உருண்டை அடிப் பானையை எதன்மேல் வைத்தார்கள்? பிரிமனை. கயிற்றில் உள்ளங்கை அளவுக்கு ஒன்று முடைந்துகொண்டால் போதும், கல்லில் கீறலும் விழாது. நான் பெரும்பாலும் சிரட்டையைத்தான் நம்புகிறேன். நல்ல முற்றின சிரட்டையை ஹாக்ஸா பிளேடால் விரல் தடிமனுக்கு வளையமாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவித் துடைத்தால் கறுத்து மினுங்கும், வெள்ளைக் கல்லுக்கு அதைவிடப் பொருத்தமான பீடம் கிடையாது. சின்ன உருண்டைக்குப் பழைய வளையல், பெரியதற்கு பிவிசி பைப் துண்டு. வளையத்தின் அகலம் உருண்டையின் விட்டத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லையென்றால் பூனை வாலாட்டினாலே இறங்கிவிடும்.

கடலோரத்தில் பைரைட் உருண்டை மட்டும் வாங்காதீர்கள். பொன் மாதிரி மின்னும், ஆனால் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே அரித்துப் பொடிப்பொடியாக உதிரும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அது தாங்காது. பளிங்கு, கால்சைட், மாலகைட் மேல் எலுமிச்சையோ வினிகரோ பட்டால் பளபளப்பு போய்விடும். செலினைட்டைத் தண்ணீரிலேயே போடக் கூடாது. மற்றதற்கெல்லாம் மெல்லிய பருத்தித் துணி, கொஞ்சம் தண்ணீர், போதும்.

கேள்வி: எல்லாரும் மடகாஸ்கர், பிரேசில், குஜராத்துக் கம்பாத் என்றே சொல்கிறீர்கள். நம் மாவட்டக் கல்லில் உருண்டை செய்ய முடியாதா? – வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து மயிலாடிக்கு எவ்வளவு தூரம்? சிற்பிகள் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் மடகாஸ்கரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் மலைகளில் நிறையக் கிடைப்பது சார்னோக்கைட், கரும்பச்சையும் சாம்பலும் கலந்து எண்ணெய் தடவினதுபோல் இருக்கும் கல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல் இந்த வகைதான், சென்னை பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. அதை வைத்தே ஹாலந்து என்ற புவியியலாளர் 1893ல் இந்தப் பெயரை வைத்தார். இன்னொன்று கார்னெட் பதிந்த நைஸ் (gneiss) பாறை, அதில் கடுகு, மிளகு அளவில் சிவப்புப் புள்ளிகள். கன்னியாகுமரி அம்மன் கல்யாணம் நின்றுபோய், சமைத்த சோறும் பருப்பும் மணலாகிவிட்டது என்று கதை சொல்கிறோமே, அந்தச் சிவப்பு மணல் இதே மாதிரிப் பாறையிலிருந்து உதிர்ந்த கார்னெட்தான்.

சிற்பக்கூடம் ஒன்றில் ஒதுக்கிப்போட்ட கல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, உருண்டை வேண்டும் என்றேன். சிற்பி முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், ஈரத்தில் மயிரிழை விரிசல் கூடக் கறுப்பாகத் தெரியும். பிறகு சுத்தியலால் தட்டினார், கணீர் என்றது. "யாளி வாய்க்குள்ள உருளுற உருண்டைக்கு யாரும் பாலிஷ் கேக்க மாட்டாங்க சாரே, நீங்கதான் கேக்குறிய" என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். முதலில் கனசதுரம், பிறகு எட்டு மூலையையும் சீவி, அந்த மூலைகளின் மூலைகளையும் சீவி, அப்புறம் தகரத்தில் அரைவட்டம் வெட்டி வைத்துக்கொண்டு அதைக் கல்லின்மேல் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, இடிக்கும் இடத்தை மட்டும் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டே போனார். உருண்டைக்கென்று இருக்கும் இயந்திரத்தில் சுழலும் கிண்ணங்கள் இரண்டோ மூன்றோ சேர்ந்து கல்லைப் பிடித்து உருட்டித் தேய்க்கும், அந்தக் கச்சிதம் கைவேலையில் வராது. என் உருண்டை மேசையில் உருட்டினால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இருக்கட்டும்.

கார்னெட் கல்லில் ஒரு சிக்கல் உண்டு. கார்னெட் கடினம், பக்கத்திலேயே கறுப்பாக மினுங்கும் மைக்கா மெத்து. தேய்க்கும்போது மைக்கா முந்திக்கொண்டு பெயர்ந்து குழி விழும், கார்னெட் மேடாக நிற்கும். விரலால் தடவினால் அம்மைத் தழும்பு மாதிரி. அதனால் கறுப்பு மினுமினுப்பு குறைவான துண்டாகக் கேளுங்கள். குவாரியிலோ கடற்கரையிலோ நீங்களாக அள்ளிக்கொண்டு வராதீர்கள், சட்டச் சிக்கல். சிற்பக்கூடத்துக் கழிவே ஏராளம்.

கேள்வி: கூழாங்கல் தண்ணீரில் அழகாக இருக்கிறது, காய்ந்தால் மங்கிவிடுகிறது. நானே பாலிஷ் போடலாமா? – பள்ளி ஆசிரியை, திருவட்டாறு

பதில்: போடலாம். உருண்டையாகாது, இருக்கிற வடிவம் பளபளக்கும். கல்லின் மேலுள்ள நுண்ணிய சொரசொரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் மங்குகிறது, தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்புவதால் நிறம் தெரிகிறது. பாலிஷ் அந்த ஈரத்தை நிரந்தரமாக்குகிற வேலை. பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் 220, 400, 800, 1200 என்று வாங்கி வரிசையாகத் தேயுங்கள், ஒன்றின் கீறல் முழுக்கப் போகாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். கடைசியில் சீரியம் ஆக்ஸைடு பொடி, ஈரத்துணியில் தொட்டு. அந்தச் சீரியம் நம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்திலும் இருக்கிறது. 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் பக்கத்துக் கயிறில் ஒட்டியிருந்த மணலை வைத்து, இங்கே இருப்பதாகக் கண்டுபிடித்த அதே மோனசைட்.

எப்போதும் ஈரமாகவே தேயுங்கள். காய்ந்த கல்தூள் நுரையீரலைக் கெடுக்கும், கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் கேட்டால் தெரியும். மொட்டைமாடியில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்காருங்கள், சேற்றை மட்டும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். பைப்புக்குள் போய் சிமென்ட் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் பிளம்பர் வந்து மொத்தப் பைப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று.