திருவையாற்றுக்குப் போக ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. திருமணம் வரை கும்பகோணத்தில் முறையாகப் பாட்டு கற்றவர். அதன் பிறகு பூசை அறையில் முணுமுணுப்பதோடு சரி. இப்போது கேட்டால், "குரல் போய்விட்டது" என்கிறார். இரண்டு ஆண்டுகளில் நான் பணி ஓய்வு பெற்றதும் திருவையாற்று ஆராதனைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அவருடைய ஆர்வம் குறையாமல் இருக்க என்ன செய்யலாம்?
– வாசகி, சென்னை

பதில்: முதலில் அந்த இரண்டு ஆண்டு என்ற கணக்கைக் கைவிடுங்கள். 76 வயதில் முழங்காலும் மூச்சும் உங்கள் பணி ஓய்வு நாளைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை. கர்நாடக இசை மேதை தியாகராஜரின் ஆராதனை ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் சனவரி மாதத்தில் வருகிறது. அதற்கு உங்களுக்குத் தேவைப்படுவது சில நாள் விடுப்புதான். கூட்டத்தில் தரையில் நெடுநேரம் உட்கார அவரால் இயலாது என்று தோன்றினால், அங்கே பாடப்படும் அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நேரலையில் போட்டுவிட்டு வீட்டுக் கூடத்திலேயே அம்மாவைப் பாட விடலாம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ராகங்களில் அமைந்த அந்த ஐந்தில் இரண்டு மூன்றாவது அவருக்குப் பாடமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். திருவையாற்றிலும் அவை சேர்ந்திசையாகத்தான் பாடப்படுகின்றன. தனியாகப் பாடக் கூசுகிறவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

"குரல் போய்விட்டது" என்று சொல்கிறவர்களில் பலர் உண்மையில் பதினெட்டு வயதில் பாடிய சுருதியிலேயே இன்றும் பாட முயல்கிறார்கள். வயது ஏற ஏறப் பெண்களின் குரல் பொதுவாகக் கீழே இறங்குகிறது, மூச்சின் நீளமும் குறைகிறது. ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) கற்றவர் இன்று நான்கு கட்டையிலோ அதற்கும் கீழேயோ பாடினால் மேல் ஷட்ஜத்தில், அதாவது உயர்ந்த 'ச' சுரத்தில், குரல் உடையாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) இளமையிலிருந்தே எளிதில் வசப்படாத குரலோடு மல்லுக்கட்டியவர். தொண்ணூறை எட்டிய பிறகும் மேடையேறினார். கைப்பேசியிலேயே சுருதிப்பெட்டிச் செயலிகள் இருக்கின்றன. அதில் சுருதியை இறக்கி வைத்து, கிருதியில் தொடங்காமல், மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசையைப் பாடச் சொல்லுங்கள். சிறுவயதில் அன்றாடம் சாதகம் செய்த அந்த வரிசைகள் அவ்வளவு எளிதில் மறந்துவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எதிரே அமர்ந்து ரசிகராக இருப்பதைவிட அவருடைய மாணவியாக இருப்பது மேல். எம்.எஸ். சுப்புலட்சுமி 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது அவருடன் சேர்ந்து பாடியவர் மகள் ராதா. பல ஆண்டுகள் மேடையில் தாய்க்குத் துணைக்குரலாக இருந்தவர் அவர். உங்களிடம் அந்த அளவு வித்தை இருக்க வேண்டியதில்லை. "இந்த இடம் சரியாக வரவில்லையே, அம்மா, இன்னொரு முறை பாடிக் காட்டுங்கள்" என்று நீங்கள் கேட்கும்போது, அவர் குரலைப் பற்றிய கவலையை மறந்து உங்களைத் திருத்துவதில் இறங்கிவிடுவார். கற்றுத்தருவதில் இருக்கும் அதிகாரம் முதியவர்களுக்குக் கொடுக்கும் தெம்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

மார்கழியில் சபாக்களுக்கும் அழைத்துப் போங்கள். பிரபலங்களின் மாலைக் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டுக்காக அலைய வேண்டாம். பல சபாக்களில் நண்பகல் கச்சேரிகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். கூட்டம் குறைவு, முன்வரிசை கிடைக்கும், பாடுகிற இளைஞர்களும் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். அங்கே ஒரு தோடி ராகமோ கல்யாணியோ பாடல் வரிகள் இல்லாத ஆலாபனையாக விரியும்போது, அது அந்த நேரத்துக் கற்பனையில் பிறப்பது. நாளை அதே பாடகரிடமே கேட்டாலும் அப்படியே திரும்ப வராது. அது நிகழும்போது அம்மா பக்கத்தில் இருக்கட்டும். முடிந்ததும் கேன்டீனில் உட்கார்ந்து, பாடியதில் எது சரி, எது தவறு என்று அவர் வழக்காடுவதைக் கேளுங்கள். (எனக்குச் சில வேளைகளில் கச்சேரியைவிட அந்த வழக்குதான் சுவையாக இருந்திருக்கிறது.)

கேள்வி: 74 வயதான என் தந்தை நாள் முழுவதும் கைப்பேசியில் பழைய திரைப்பாடல்களை உரக்க வைத்துக் கேட்கிறார். குறைக்கச் சொன்னால் கோபம் வருகிறது. காதொலிப்பான் (ஹெட்ஃபோன்) வாங்கிக் கொடுத்தும் அதை அவர் தொடவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் அவருடைய காதுகளைப் பரிசோதியுங்கள். முதுமையில் கூர்மையான ஒலிகள்தாம் முதலில் மங்குகின்றன. பாட்டின் மெட்டு கேட்கும், சொற்கள் தெளியாது, அதனால்தான் ஒலியைக் கூட்டுகிறார்கள். நீங்கள் பிடிவாதம் என்று எண்ணுவது செவிக்குறைவாகவும் இருக்கலாம்.

காதொலிப்பானை அவர் தொடாததில் எனக்கு வியப்பில்லை. அவர் தலைமுறைக்குப் பாட்டு என்பது வானொலிப் பெட்டி வழியாக வீடு முழுவதற்கும், திண்ணைக்கும், தேநீர்க் கடைக்கும் சேர்த்து ஒலித்தது. இசையமைப்பாளர்கள் விசுவநாதன்–ராமமூர்த்தி இணை 1965-இல் பிரிந்தபோது உங்கள் தந்தை பதின்ம வயதில் இருந்திருப்பார். பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட இசையே மனத்தில் ஆழப் பதிகிறது என்பது நினைவாற்றலை ஆராய்பவர்கள் பலமுறை கண்டது. ஆகவே டி.எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும் பாடத் தொடங்கியதும் அவருக்கு ஊர், நண்பர்கள், பார்த்த கொட்டகை எல்லாம் சேர்ந்தே வரும். மாலையில் ஒரு மணி நேரம் கூடத்தில் நல்ல ஒலிபெருக்கியில் அவர் விருப்பப்படி பாட்டுப் போடுங்கள், நீங்களும் உட்காருங்கள். இலங்கை வானொலியை எந்த வீட்டில் கேட்டார், யாரோடு கேட்டார் என்று விசாரியுங்கள். கூடவே கேட்க ஆள் கிடைத்தால் மற்ற நேரத்துப் பாட்டு தானாகக் குறையலாம். குறையாவிட்டாலும் உங்கள் எரிச்சல் குறையும்.

கேள்வி: என் பாட்டி பாடும் தாலாட்டுகளைப் பதிவு செய்து வைக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் பாட்டை மட்டும் பதிந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். தாலாட்டில் மாமனும் அத்தையும் அவர்கள் கொண்டுவரும் சீர்களும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுள் யார் மெய்யான உறவினர், யார் பாட்டுக்காக வந்தவர் என்பது பாட்டிக்கு மட்டுமே தெரியும். அதையும் கேட்டுப் பதியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதை மடியில் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். வெறும் கைப்பேசியைப் பார்த்துத் தாலாட்டுப் பாட யாருக்கும் வராது. பதிவைத் தொடங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துப் பதிவு செய்வது, சொந்தப் பாட்டியே ஆனாலும், எனக்குச் சரியாகப் படவில்லை.